புதுப்பிப்பு: அப்பாவின் சிகரெட், சுகர், கேன்சர் பயம்

போன தடவை கேட்டிருந்தேன்: சுகர் உள்ள அப்பா "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன? வெயிட் போட்டு சுகர்தான் ஏறும்" என்கிறார், உண்மையா என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி. சைதாப்பேட்டையில் டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

வெயிட் கதை பொய்யில்லை. சராசரியாக 4, 5 கிலோ கூடலாம், சுகரும் கொஞ்ச காலம் ஆட்டம் காட்டலாம். ஆனால் நிகோடினும் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்யவிடாதாம். விட்டுச் சில வாரங்களில் அது சீராகும். அப்போது இன்சுலின் போடுபவர்களுக்கு டோஸ் குறைக்க வேண்டி வரலாம், லோ சுகர் ஆகாமல் அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்க என்றார். இதை இங்கே ஒருத்தரும் சொல்லலையேப்பா!

கேன்சர் விஷயம்தான் அப்பாவை உலுக்கியது. டைப் 2 சர்க்கரை நோய் இருந்தாலே கல்லீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுதல். புகையும் அதே மூன்று இடத்தில் கை வைக்கிறது. நுரையீரல், வாய், தொண்டை அதற்கு மேல். விட்டு 10 முதல் 15 வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து பிடிப்பவர்களைவிடப் பாதியாகும்.

"அதுக்குள்ள எனக்கு எழுபது தாண்டிடும் சார்" என்றார் அப்பா. "இதயத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேணாம், ஒரு வருஷத்துலயே பலன் தெரியும்" என்று பதில் வந்தது.

இப்போதைக்கு நிகோடின் சூயிங்கம். டீக்கடைப் பக்கம் போவது மட்டும் நிற்கவில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற, புகையை விட உதவும் இலவச எண்ணில் தமிழிலும் பேசுகிறார்கள். அடுத்த எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன்.