நண்பனை ஊரைவிட்டு அனுப்பிய தாந்தே: மேடையில் எப்படி?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
வணக்கம். தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு 20 நிமிஷ நாடகம் எழுதுகிறேன். 1300ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ்; கவிஞர் தாந்தே தன் உயிர்நண்பர் குயிதோ கவால்காந்தியை வெளியேற்றுவதுதான் முக்கியக் காட்சி. போப்பாண்டவர் பக்கமான குவெல்ஃப் கட்சிக்கும் பேரரசர் பக்கமான கிபெலின் கட்சிக்கும் சண்டை என்று எழுதிவிட்டேன், சரியா? பின்திரையில் அந்த ஊர்ப் பேராலயத்தின் பெரிய குவிமாடம் வரலாமா?

ஃபீனிக்ஸ்வாசி:
முதலில் கட்சியைத் திருத்துங்கள் ஐயா. 1266 பெனவெந்தோ போரோடு கிபெலின்கள் கதை அங்கே முடிந்தது. 1300இல் அடித்துக்கொண்டது குவெல்ஃபுக்குள்ளேயே இருந்த கறுப்பு, வெள்ளைக் கோஷ்டிகள். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி மாதிரி: இரண்டு பக்கமும் சோழர் சூடும் ஆத்திமாலைதான். (நம் டர்பனில் கறுப்பு, வெள்ளை என்றால் பிள்ளைகள் தோல்நிறம் என்றே நினைக்கும். அது பிஸ்தோயா ஊர்க் குடும்பத்தகராறிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.)

கறுப்புக்குக் கோர்ஸோ தொனாத்தி, பழைய பிரபு. வெள்ளைக்கு செர்க்கி குடும்பம், வங்கித்தொழிலில் வந்த புதுப்பணம். தாந்தேயின் மனைவி ஜெம்மா தொனாத்தி வீட்டுப் பெண். வீட்டுக்குள்ளேயே நாடகம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

குயிதோவை அப்பாவியாக்கினால் கதை நொண்டும். கோர்ஸோ தன்னைக் கொல்லப் பார்த்தான் என்ற ஆத்திரத்தில், செர்க்கிப் பையன்கள் பின்னால் வருவார்கள் என்று நம்பிக் குதிரையை விரட்டி அவன்மேல் எறிவேல் வீசியவர். வேல் தப்பியது, கூட வந்தவர்கள் நழுவினார்கள், கல்லடிதான் மிச்சம்.

பழஞ்சுவடி:
தாந்தே தனியாக ஆணையிடுவது போல் வைக்காதீர்கள். நகரை ஆண்ட பிரியோர்கள் ஆறு பேர், பதவி இரண்டே மாதம். அவர் முறை ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஜூன் 23, திருமுழுக்கு யோவான் விழாவின் முந்தின நாள், காணிக்கை ஊர்வலம் போன தொழிற்குழுத் தலைவர்களைப் பிரபுக்கள் சிலர் அடித்தார்கள். 1289இல் கம்பால்தினோ போரில் ஜெயித்துக் கொடுத்தது நாங்கள், பதவி மட்டும் எங்களுக்கு இல்லையா என்பது கோபம். 1293 சட்டம் அவர்களை ஒதுக்கியிருந்தது. அந்த அடிதடிக்குப் பிறகுதான் இரு கோஷ்டித் தலைகளையும் சேர்த்தே வெளியேற்றினார்கள். வெள்ளையர் போன இடம் ஸர்ஸானா. குயிதோ அங்கே நோயில் விழுந்து, திரும்ப அழைக்கப்பட்டு, ஆகஸ்ட் கடைசியில் இறந்தார். அப்போது தாந்தே பதவியில் இல்லை. மரணப்படுக்கையில் பிரியோர் அங்கியோடு அவரை நிறுத்தினால் தப்பு.

குவிமாடம் வேண்டவே வேண்டாம், அது முடிந்தது 1436இல். வெள்ளை, பச்சைப் பளிங்குப் பட்டை போட்ட எண்கோணத் திருமுழுக்குக் கோயிலை வரையுங்கள். சுற்றிலும் குடும்பக் கோபுரங்கள். ஊசிமாதிரி வானத்துக்கு ஏற்றாதீர்கள். 1250லேயே 50 பிராச்சோ, ஏறக்குறைய 29 மீட்டர், என்று வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:
ரொம்ப நன்றி. தாந்தேயின் தண்டனையோடு முடிக்கலாமா?

பழஞ்சுவடி:
தாராளமாக. 1301 நவம்பரில் பிரெஞ்சு மன்னரின் தம்பி வலுவா சார்ல்ஸ் நுழைந்ததும் கறுப்பர் கை ஓங்கியது. 1302 ஜனவரி 27: லஞ்சக் குற்றச்சாட்டு, 5,000 ஃப்ளோரின் பொற்காசு அபராதம். மார்ச் 10: பிடிபட்டால் தீயில். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். தீர்ப்பளித்த பொதெஸ்தா (நகரத் தலைமை நீதிபதி) குப்பியோ ஊர்க்காரர். உறவுப்பாசம் குறுக்கே வராமலிருக்க வெளியூர் ஆளையே அந்த வேலைக்கு வைப்பார்கள். அந்த வேஷத்துக்கு வேறு வகுப்புப் பையனைப் பிடியுங்கள்.