அம்மாவின் குடும்ப ஓய்வூதியம்: 6,200 ரூபாய் ரீஃபண்ட் வாங்க 1,500 ரூபாய் கட்டணமா?

மலர்_பாளை | ஆகஸ்ட் 9, 2025

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானார். அம்மாவுக்கு மாதம் 18,400 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அப்பாவின் பணிக்கொடைப் பணத்தை வங்கியில் எஃப்.டி. போட்டிருக்கிறோம், போன நிதியாண்டில் அதற்கு வட்டி 62,000. வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் படிவம் 15எச் கொடுக்க மறந்துவிட்டேன். வட்டியிலிருந்து 6,200 ரூபாய் வரியை முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடித்துவிட்டார்கள்.

போன வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில் 800 ரூபாய் கொடுத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டோம். பாஸ்வேர்டு அவர்களிடம்தான் இருக்கிறது. இந்த வருடம் 'ரீஃபண்ட் கேஸ்' என்று 1,500 கேட்கிறார்கள். அது அம்மாவின் ஒரு மாத மருந்துச் செலவு. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு, வரி விஷயம் ஒன்றும் தெரியாது. நானே போடலாமா? ஏதாவது தப்பாகி அம்மா பேருக்கு நோட்டீஸ் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

குமரி_சேகர் | ஆகஸ்ட் 9

தாராளமாகப் போடலாம். வருமான வரித்துறையின் வலைதளத்தில் ரிட்டர்ன் போடக் கட்டணமே கிடையாது. எனக்கு ஷேர் வியாபாரமும் இரண்டு வீட்டு வாடகையும் இருப்பதால் ஆடிட்டரிடம் போகிறேன், கொடுக்கும் காசு தகும். உங்கள் அம்மா கணக்கு அவ்வளவு சிக்கல் இல்லை.

ஒன்று மட்டும். 'ரீஃபண்ட் கூடுதலாக வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் எனக்கு' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்படிப் பொய்யாக வரிக் கழிவு காட்டுபவர்களைத் தேடித்தான் ஜூலை 14 அன்று நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தினார்கள். கழிவைப் போட்டது ஏஜெண்டாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பான் கார்டுக்கு உரியவர்தான்.

கருவூலத்தார்_தென்காசி | ஆகஸ்ட் 10

மலர், பயப்படாதீர்கள் அம்மா. சார்நிலைக் கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களுக்கு வருடாவருடம் உடன் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். இந்த முறை செப்டம்பர் 15 வரை நேரம் இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம்.

முதல் வேலை, கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவருவது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. வழியாகப் புதியது போடுங்கள். அம்மாவின் ஆதாரில் உங்கள் வீட்டு மொபைல் நம்பர் இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி அதைச் சேர்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போனதும் சுயவிவரத்தில் இருக்கும் ஃபோன் நம்பர், இமெயில் இரண்டையும் மாற்றுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு வந்த நோட்டீஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த கடைக்காரரின் இமெயிலில் எட்டு மாதம் கிடந்தது. என் வீட்டுத் திண்ணையில் அதைத் திறந்து காட்டியபோது அவர் முகம் வெளுத்துப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் தனக்கு வந்த கடிதம் தன் கைக்கே வரவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்தது, எல்லோரும் தப்பு செய்யும் இடம். ஓய்வூதியம் வேறு, குடும்ப ஓய்வூதியம் வேறு. உங்கள் அப்பா வாங்கியிருந்தால் அது அவர் உழைத்த வேலைக்கான பணம், சம்பளம் என்ற தலைப்பில் வரும். அம்மாவுக்கு வருவது 'இதர வருமானம்'. அதனால் சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலைக்கழிவு இதற்குக் கிடையாது. புதிய வரி முறையில், குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். பழைய முறையில் இந்த உச்சவரம்பு 15,000. படிவத்தில் இதர வருமானப் பகுதியில் குடும்ப ஓய்வூதியம் என்று தனியாகவே ஒரு தேர்வு இருக்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 2,20,800. அதில் 25,000 போக 1,95,800. எஃப்.டி. வட்டியைச் சேர்த்தால் 2,57,800. சேமிப்புக் கணக்கு வட்டியையும் மறக்காமல் சேருங்கள், அதிகம் இருக்காது. 2024-25 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. ஆக 6,200 முழுதாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு முன் அம்மா பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை அதே வலைதளத்தில் திறந்து, வங்கி பிடித்த தொகை அம்மாவின் பான் நம்பரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் சொன்ன 18,400 பாஸ்புக்கில் பார்த்ததா? அப்படியானால் அது மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் போக வந்த தொகையாக இருக்கும். பிடித்தத்துக்கு முந்தைய தொகையைத்தான் காட்ட வேண்டும். பென்ஷன் ஸ்லிப்பில் இருக்கும்.

படிவம் ஐ.டி.ஆர்-1. மதிப்பீட்டு ஆண்டு என்பது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, அதனால் 2025-26 என்று கொடுங்கள், 2024-25 அல்ல. ரிட்டர்ன் போடும் காரணத்தைக் கேட்கும் இடத்தில் 'மற்றவை' என்று தேர்ந்தெடுங்கள். வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தும் ரீஃபண்டுக்காகப் போடுபவர்களுக்கு அதுதான்.

கடைசியாக இனிஷியல். நம் ஊரில் இது பெரிய தலைவலி. பான் கார்டில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராக நிற்கும், பாஸ்புக்கில் கணவர் பெயரின் ஓரெழுத்து இருக்கும். பெயர் ஒத்துப்போகாமல் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு தோற்றால் ரீஃபண்ட் அங்கேயே நின்றுவிடும். ரிட்டர்ன் போடும் முன்பே கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள். போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்யவேண்டும். அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.

மலர்_பாளை | ஆகஸ்ட் 17

ஐயா, போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது போலவே இனிஷியலில் மாட்டியது. வங்கிக்குப் போய் பான் கார்டு நகல் கொடுத்துப் பெயரை மாற்ற மூன்று நாள் ஆனது. பென்ஷன் ஸ்லிப் பார்த்ததில் மாதம் 18,897 என்று இருந்தது, வருடத்துக்கு 2,26,764. சேமிப்பு வட்டி 1,340. 25,000 கழித்து, எஃப்.டி. வட்டியும் சேர்த்து 2,65,104 வந்தது, வரி பூஜ்யம், ரீஃபண்ட் 6,200 என்று திரையில் காட்டியதும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசி ஓ.டி.பி.யை அம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து அழுத்தினார்.

போன வருட ரிட்டர்னைத் திறந்து பார்த்தேன். சம்பளம் என்று போட்டு 50,000 கழித்திருக்கிறார்கள். அதனால் பிரச்சினை வருமா?

கருவூலத்தார்_தென்காசி | ஆகஸ்ட் 17

ரொம்ப சந்தோஷம் அம்மா. போன வருடத்தில் சரியான தலைப்பில் போட்டிருந்தாலும் வருமானம் 3 லட்சத்துக்குள்தான் இருந்திருக்கும். கட்டாமல் விட்ட வரி எதுவும் இல்லை. அந்த வருடப் பென்ஷன் ஸ்லிப்புகளை மட்டும் எடுத்து பத்திரப்படுத்துங்கள், யாராவது கேட்டால் காட்டலாம்.

இன்னொன்று. இந்த ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். பிடிப்பார்கள், முன்பு அது 50,000. இருந்தாலும் நாளைக்கு எஃப்.டி. கூடலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட நகலை வீட்டில் வையுங்கள்.