மறு: ‘இமாகோ தேயி’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். மனிதன் கடவுளின் உருவில் படைக்கப்பட்டவன் என்ற கருத்தைக் குறிக்கும் லத்தீன் தொடர் ‘இமாகோ தேயி’. அதற்குத் தமிழ்க் கலைச்சொல் எது என்பதுதான் பேச்சு.

> தேவசாயல் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வழக்கில் இருப்பது உண்மைதான். பிரசங்கத்திலோ ஜெபத்திலோ அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இறையியல் கலைச்சொல்லாக வைக்கும்போதுதான் சிக்கல். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 1:26இல் எபிரேய மூலத்தில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: ட்ஸெலெம், தெமூத். புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) முதலாவது ‘சாயல்’, இரண்டாவது ‘ரூபம்’. கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வந்த திருவிவிலியத்தில் முதலாவது ‘உரு’, இரண்டாவதுதான் ‘சாயல்’. ஆக, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவரும் கத்தோலிக்கரும் ‘சாயல்’ என்று சொல்லி வெவ்வேறு சொற்களைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், பழைய திருப்புதலே 5:3இல், ஆதாம் ‘தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே’ சேத்தைப் பெற்ற இடத்தில், இரண்டையும் மாற்றிப் போடுகிறது. மூலத்தில் அங்கே தெமூத்தான் முன்னால் நிற்கிறது.

பொருளிலும் எனக்கு உறுத்தல் உண்டு. சாயல் கூடும், குறையும். ‘மூத்தவன் அப்படியே அப்பா சாயல், சின்னவளுக்கு லேசாகத்தான் இருக்கிறது’ என்கிறோம். இந்தச் சொல்லோடு போனால் ‘எதில் சாயல்?’ என்ற கேள்வி தானாக வந்துவிடும். திருச்சபை வரலாற்றிலும் வந்தது. பழங்கால இறையியலாளர் அகுஸ்தீன் நினைவு, அறிவு, விருப்பம் என்ற மூன்றில் அதைத் தேடினார். இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் அறிவாற்றலில் வைத்தார். பெரிய மேதைகள் இருவரும். ஆனால் அறிவுதான் சாயல் என்றால், மறதிநோயில் பெற்ற பிள்ளையின் பெயரையே தொலைத்துவிட்ட பாட்டியிடம் அது குறைந்துபோயிற்றா? மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தையிடம்? வேதம் அப்படிப் பேசவே இல்லை. ஆதியாகமம் 9:6 வெள்ளத்துக்குப் பிறகு, மனிதன் எவ்வளவு கெடுவான் என்று தெரிந்த பிறகு சொல்லப்பட்டது. மனித இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்பதற்கு அது காட்டும் காரணம் தேவசாயல்தான். செத்தவன் நல்லவனா, புத்திசாலியா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. யாக்கோபு 3:9உம் அப்படித்தான்: நாம் யாரைச் சபிக்கிறோமோ அவரும் தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்டவர்.

ட்ஸெலெம் செய்து நிறுத்திய உருவத்தையும் குறிக்கிற சொல். 2 இராஜாக்கள் 11:18இல் பாகாலின் விக்கிரகங்களுக்கும் இதே சொல்தான். 1979இல் சிரியாவின் டெல் ஃபெகெரியேயில் ஆளுயரக் கற்சிலை ஒன்று கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் குசான் பகுதியை ஆண்டவன், ஹதத் கடவுளின் முன்னால் தனக்காக நிறுத்தி வைத்த சிலை. உடையின் மேல் அக்காதியத்திலும் அரமேயத்திலும் எழுத்துகள். அரமேய வாசகம் அந்த ஒரே சிலையை ஓரிடத்தில் தெமூத்தின் வடிவத்தாலும் இன்னோரிடத்தில் ட்ஸெலெமின் வடிவத்தாலும் சுட்டுகிறது. அவன் ஊரில் இல்லாதபோதும் அவன் சார்பில் அங்கே நிற்பது அந்தக் கல்தான்.

அந்த உலகத்தில் ‘கடவுளின் உருவம்’ என்பது ராஜாக்களுக்குரிய பட்டம். எகிப்திய ராஜா துத்தங்காமூனின் பெயருக்கே ‘ஆமூனின் உயிருள்ள உருவம்’ என்று பொருள். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை எடுத்து, ஆணும் பெண்ணுமாக, எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. ‘ஆளக்கடவர்கள்’ என்பது அதே வசனத்தில் தொடர்ந்து வருவதும் அதனால்தான். படைத்தவர் சார்பில் பூமியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவர்கள் நாம். இது கொடுக்கப்பட்ட நிலை, கூட்டிக் குறைக்க முடியாதது. 4ஆம் நூற்றாண்டில் நீசா நகர ஆயர் கிரகோரி, பிரசங்கி புத்தகத்துக்கு மறையுரை சொல்லும்போது அடிமை வாங்குகிறவனைப் பார்த்து, கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய் என்று கேட்டார். நம் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச்சுவர் எழுப்பியவர்களும், தேவன் மனிதரைத் தம் சாயலில் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற 1:27ஐ வாசித்தவர்கள்தான். எனக்கு இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு அதுவே காரணம்.

> ‘தேவசொரூபம்’ பொருந்தாதா?

சிலை என்ற பொருளுக்கு மிக நெருங்கி வருவது இதுதான். மாதா சொரூபம் என்கிறோமே. ஆனால் சைவ சித்தாந்தம் படித்தவர் காதில் சொரூபம் என்றால் இறைவனின் சொந்த இயல்பு; உயிர்களுக்காக அவர் ஏற்கும் நிலையான தடத்தத்துக்கு எதிரானது. மனிதன் தேவசொரூபம் என்றால் மனிதனே கடவுள் என்றுதான் கேட்கும். கொலோசெயர் 1:15 கிறிஸ்துவைத் ‘தற்சுரூபம்’ என்கிறது. அந்தச் சொல் அவருக்கே இருக்கட்டும். ‘பிம்பம்’ என்ற சொல்லோ, உயிர் பிரம்மத்தின் பிரதிபலிப்பே என்னும் அத்வைதத்தின் பிரதிபிம்ப வாதத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ட்ஸெலெமுக்கு என் பரிந்துரை ‘இறைப்படிமை’. படிமை என்றால் உருவம், பிரதிமை. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தில் ‘பல்புகழ் நிறுத்த படிமையோன்’ என்று வருகிற இடத்தில் அதற்குத் தவ ஒழுக்கம் என்று உரை சொல்வார்கள். நிறுத்தப்பட்ட உருவம், ஏற்று நடக்க வேண்டிய ஒழுக்கம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. படிமம் வேண்டாம், கவிதை விமர்சனம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

தெமூத்துக்குத் திருவிவிலியத்தின் வழியிலேயே ‘சாயல்’ இருக்கட்டும். இரண்டுக்கும் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். உரு நிலைத்தது, சாயல் பாவத்தால் இழக்கப்பட்டது என்று பிரித்த ஆதித் திருச்சபை ஆயர் ஐரேனியஸையும், அந்தப் பிரிவை ஏற்காத சீர்திருத்தவாதி லூத்தரையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டி வந்தால் வேறு வழியில்லை.

மனிதர் இந்தப் படிமையாக இருப்பதைச் சொல்ல வினைச்சொல் எது? ‘தாங்குதல்’ சுமையாகிவிடுகிறது. 1 கொரிந்தியர் 15:49 ‘அணிந்திருக்கிறதுபோல’ என்கிறது. அழகான சொல்தான், ஆனால் பவுல் அங்கே உயிர்த்தெழுதலைப் பேசுகிறார். படைப்பைப் பற்றிப் பேசும்போது, அணிந்தது கழற்றக்கூடியது என்று ஆகிவிடும். ‘இறைப்படிமையாய் இருத்தல்’ என்றே வைக்கலாம். ஆளைக் குறிக்க ‘இறைப்படிமையர்’. அர் விகுதி ஆண், பெண் இருவருக்கும் பொது என்பதால் 1:27க்கும் சரியாக வரும். ‘படிமையாளர்’ வேண்டாம் என்பது என் கருத்து, தொழில் பெயர்போல ஒலிக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.