மறுமொழி: பிரேக் எச்சரிக்கை விளக்கும் பழுதுமுதல் நாடலும்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய நாற்சக்கர இயக்க வண்டிகளைப் பழுதுபார்க்கக் கற்கும் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரேக்கைப் பற்றி எச்சரிக்க ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எரியும் சிவப்பு விளக்குக்கு ஒரு தமிழ்ச் சொல், அது ஏன் எரிகிறது என்று தேடிக் காணும் வேலைக்கு ஒரு சொல், இவ்விரண்டையே இக்குழுமத்தில் கேட்டிருந்தேன்.

‘பிரேக் விளக்கு’ போதும் என்பதை ஏற்க இயலவில்லை. மிதியை அழுத்தும்போது வண்டியின் பின்னால் எரிவதற்கு அப்பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. ‘பழுது விளக்கு’ என்பதும் பொருந்தாது. கைபிரேக்கை இழுத்துவிட்டாலே இந்தச் சிவப்பு விளக்கு எரியும். அதன் அருகிலுள்ள மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி காக்கும் அமைப்பு) விளக்கோ, சில பழைய வண்டிகளில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் மைய டிஃபரன்ஷியலைப் பூட்டியவுடன் ஏபிஎஸ் தானே விலகிக்கொள்வதால் எரிகிறது. இரண்டிடத்தும் பழுது எதுவும் இல்லை.

பிரேக் என்பதற்கே தமிழாக, ‘முட்டுக்கட்டை’யிலிருந்து ‘முட்டி’ என்று வருவித்த ஐயாவின் மடலை மூன்று முறை படித்தேன். சரிவில் நிற்கும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையில் தொடங்கி அவர் விரித்த வேர்ச்சொல் ஆய்வு அருமையானது. ஆயினும் முட்டி என்றதும் படிப்பவர் மனத்தில் முழங்கால்தான் தோன்றும். ‘தடுப்பு’ என்றால் சுவரும் ஊசியும் குறுக்கிடுகின்றன. ககர மெய் ஈறாகாது என்பது நன்னூல் விதி, ஆதலால் ‘பிரேக்கு’ என்றாவது எழுதுக என்ற அம்மையாரின் கருத்து இலக்கணப்படி சரியே. பேச்சிலும் அந்த உகரம் தானாகவே வந்து ஒட்டுகிறது. எனினும் அச்சில் ‘பிரேக்’ என்றே பழகிவிட்ட மாணவரை நான் மாற்ற விரும்பவில்லை.

இரண்டாம் சொல்லாக நான் தந்த ‘பழுதுமுதல் நாடல்’ என்பதில்தான் எனக்கு உண்மையான பிடிவாதம் உண்டு. ‘பழுது கண்டறிதல்’ போதும் என்று பலர் எழுதியுள்ளீர்கள். நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். சமதளத்தில் அணைந்திருந்த விளக்கு, சரிவில் இறங்கும்போது மினுக்கியது. பிரேக் ஆயில் கலத்தின் மூடியிலிருந்த வயர் இணைப்பைக் கழற்றியதும் விளக்கு அணைந்துவிட்டது. ஆகவே அதை எரியவிட்டது கைபிரேக் சுவிட்ச் அன்று, ஆயில் குறைந்தால் விளக்கை எரியவைக்கும், கலத்துக்குள் இருக்கும் மிதவை. ஆயில் கலத்தின் குறைந்தபட்ச அளவுக் கோட்டை ஒட்டி நின்றது. பழுது கண்டறியப்பட்டது என்று அங்கேயே நிறுத்தி, ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பேட்கள், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டைப் பிடித்து நிறுத்தும் உராய்வுக் கட்டைகள், தகடாகத் தேய்ந்திருந்தன. பேட் தேயத் தேய, அதை அழுத்தும் கருவியான காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும். அது விட்ட இடத்தை நிரப்பக் கலத்திலிருந்து ஆயில் இறங்கும். ஒழுக்கு ஒரு சொட்டும் இல்லை. ஆயில் குறைந்தது நோய், பேட் தேய்ந்தது நோய்முதல், அதாவது நோயின் காரணம். பேட்டை மாற்றாமல் ஆயிலை மட்டும் ஊற்றியிருந்தால், பேட் தேய்ந்ததைச் சொல்ல அந்த வண்டியில் இருந்த ஒரே விளக்கையும் அணைத்தவர்களாவோம்.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று 948ஆம் குறள் இரண்டையும் இரண்டு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு சொல்லிலேயே இருந்தால், ஆயில் குறைந்ததைக் கண்டதோடு மாணவர் நின்றுவிட மாட்டார். அதனால்தான் ‘பழுதுமுதல் நாடல்’ என்று முன்மொழிந்தேன். ‘நாடு’ என்பது இன்று நீதிமன்றத்தை நாடுவது, உதவியை நாடுவது என்ற பொருளிலேயே வழங்குகிறது, பதினெட்டு வயது மாணவருக்கு ‘ஆராய்தல்’ என்ற பழைய பொருள் எட்டாது என்ற தோழரின் மறுப்புக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ‘முதல்’ என்பதைப் பணமாகவும் ‘முதலாவது’ என்றும் கொள்வார்கள் என்று அவர் சேர்த்ததும் நியாயமே.

நேற்றிரவு வரை வந்த மடல்களை எண்ணினேன். ‘பிரேக் எச்சரிக்கை விளக்கு’ என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறீர்கள்; சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்றே ஏற்றிருக்கிறீர்கள். அதுவே அச்சேறும். இரண்டாம் சொல்லுக்குப் பாடத் தலைப்பில் ‘பழுதின் காரணம் அறிதல்’ என்று இட்டு, பாடத்தின் முதல் வரியில் ‘பழுதுமுதல் நாடல்’ என்பதை விளக்கத்துடன் தருகிறேன். ‘பிரேக்கு’ என்று எழுதாவிட்டால் மெய்ப்புத் திருத்தித் தர மாட்டேன் என்று அம்மையார் எழுதியிருக்கிறார். அவரிடம் இன்று மாலை மீண்டும் பேசுகிறேன்.