கடலூர் கத்திரி வெயில்: நூறாண்டு உச்சம், பார்த்த உச்சத்தைவிடக் குறைவாக வருவது ஏன்?

கேள்வி (மஞ்சக்குப்பம்)

வணக்கம். கடலூர் நிலையத்தின் தினசரி அதிகபட்ச வெப்பநிலையிலிருந்து 1974 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஓர் உச்சம் எடுத்து, ஜிஇவி பரவலை (உச்ச மதிப்புகள் எப்படிப் பரவும் என்று சொல்லும் சூத்திரம்) பொருத்துகிறேன். கணினியில் ஆர் மொழி, அதன் எக்ஸ்ட்ரீம்ஸ் தொகுப்பு. அப்பா கொத்தனார், மே மாதத்திலும் சாரத்தின்மேல் நிற்கிறவர். அதனால் இந்தக் கணக்குச் சரியாக வர வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது.

இட அளவுருவை (பரவல் எந்த வெப்பநிலையைச் சுற்றி நிற்கிறது என்பதை) ஆண்டோடு சேர்த்து மாறவிட்டேன். ஆண்டை 1974, 1975 என்று அப்படியே கொடுத்தபோது திட்டப்பிழையே (மதிப்பீடு எவ்வளவு பிசகலாம் என்ற அளவு) கிடைக்கவில்லை. ஆண்டிலிருந்து 1974-ஐக் கழித்து 10-ஆல் வகுத்தேன், மாடல் ஓடிவிட்டது. ஆனால் நூறாண்டு திரும்பு அளவை, அதாவது ஓர் ஆண்டில் தாண்டுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பே உள்ள 'நூறாண்டு உச்சத்தை', கையால் போட்டால், கோப்பிலேயே இருக்கும் உச்சத்தைவிடக் குறைவாக வருகிறது. வடிவ அளவுரு (பரவலின் வால் எவ்வளவு நீளும் என்பது) எதிர்க்குறியில் இருக்கிறது. அதுதான் காரணமா?

பதில் 1

தம்பி, ஆண்டைச் சுருக்கியது சரி. மூல ஆண்டைக் கொடுத்தால் இட அளவுருவின் தொடக்க மதிப்பும் சாய்வும் (ஆண்டோடு அது மாறும் வேகம்) ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும், கணினியால் உச்சியைப் பிடிக்க முடியாது.

வடிவ அளவுரு எதிர்க்குறியில் வருவது வெப்பநிலைக்கு வழக்கம்தான். பரவலுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று அர்த்தம். நீங்கள் கையால் போடும்போது இட அளவுருவின் முதல் எண்ணை, அதாவது தொடக்க மதிப்பை, மட்டும் எடுத்தீர்களா? உங்கள் சுருக்கத்தில் 0 என்றால் 1974. அப்படியானால் 1974-இன் வெயிலுக்கு விடை கேட்டிருக்கிறீர்கள். 2024 என்றால் 5. சாய்வை 5-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். போக்கு (ஆண்டோடு மாறுவது) இருக்கும் மாடலில் 'நூறாண்டு உச்சம்' என்று ஒரே எண் கிடையாது, எந்த ஆண்டின் தட்பவெப்பத்துக்கு என்று சொல்லியே ஆக வேண்டும்.

போக்கு உண்மைதானா என்பதையும் பாருங்கள். போக்கில்லாத மாடலையும் பொருத்தி, மடக்கை நிகழ்தகவுகளின் (தரவுக்கு மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவுகள்) வித்தியாசத்தை இரட்டியுங்கள். 3.84-ஐத் தாண்டினால் 5% மட்டத்தில் போக்கை ஏற்கலாம்.

அப்புறம், மே மாதத்தில் பதிவு விடுபட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். கத்திரியில் பத்து நாள் காணாமல் போன ஆண்டின் உச்சம் பொய்யாகக் குறைந்திருக்கும். அந்த ஆண்டை விட்டுவிடுவது மேல்.

கேட்டவர்

அதேதான் ஐயா! சாய்வைச் சேர்க்கவே இல்லை. சேர்த்ததும் பார்த்த உச்சத்துக்கு மேலே வந்துவிட்டது. விடுபட்ட நாட்களை இன்றிரவு எண்ணுகிறேன்.

பதில் 2 (புதுச்சேரி)

ஒன்று சேர்க்கிறேன். நம் கரையில் மே மாத நாட்கள் இரண்டு வகை. கடற்காற்று நண்பகலுக்குள் வந்துவிட்டால் வெயில் அதோடு தணியும். மேற்குக் காற்று விடாமல் அடித்துக் கடற்காற்று தாமதமான நாளில்தான் ஏறிக்கொண்டே போகும். உங்கள் ஆண்டு உச்சங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை நாட்களாகத்தான் இருக்கும். காலை 11.30 மணிப் பதிவில் காற்றுத் திசை கிடைத்தால், அந்த நாட்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஏறியது வெப்பமா, காற்று தாமதமாகும் நாட்களின் எண்ணிக்கையா என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. இந்திய வானிலைத் துறை கடலோர நிலையத்துக்கு வெப்ப அலை என்று சொல்ல 37 டிகிரியையும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலையும் பார்க்கிறது. ஈரப்பதம் அந்தக் கணக்கில் இல்லை. கடற்காற்று வந்த நாளில் பாதரசம் இறங்கினாலும் வியர்வை காயாது, சாரத்தில் நிற்பவருக்கு அதுவும் ஆபத்து. ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, ஈரப்பதமும் அதில் தெரியும்) இதே மாடலை ஒருமுறை ஓட்டுங்கள் தம்பி.

கேட்டவர்

காற்று எப்போது திரும்பியது என்று அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். காதில் வாங்கியதே இல்லை. 11.30 மணிப் பதிவைத் தேடி எடுத்து மறுபடி வருகிறேன்.