குரங்குக்கு உண்டிவில் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி:
ஏற்காடு ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். உண்டிவில்லை எடுத்தால் குரங்குகள் ஓடுகின்றன. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினால் வாழைக்காய்ச் சீப்பு காணாமல் போகிறது. என் மனைவி கடையில் நின்றால் பயமே கிடையாது! மூன்று நாள் ஒன்றும் சிக்காவிட்டாலும் நாலாம் நாள் வருகின்றன. ஏன்?

பதில்:
அண்ணா, நான் சேலத்தில் பி.எட். மாணவர்களுக்கு உளவியல் நடத்துகிறேன். உங்கள் தண்டனையில் அவை கற்றது உங்களுக்குப் பயப்பட மட்டும்தான், திருடாமல் இருக்க அல்ல.

1930களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய எலி, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகியது லேசில் விடாது. உங்கள் கடைக் கதையும் அதுதான். காயை இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். முதலில் சில நாள் அட்டகாசம் கூடும். அப்போது மனமிரங்கி ஒரு பஜ்ஜி போட்டீர்களோ, போச்சு!

கேட்டவர்:
சரி தம்பி, டிரம் வாங்கியாச்சு. சிப்ஸ் நீட்டுகிற டூரிஸ்ட்டுகளை என்ன செய்ய?

இன்னொருவர்:
குரங்கோடு செல்ஃபி கிடைக்கிறதே, அதுதான் அவர்களுக்குத் தீனி.