பார்க்லேண்ட் வாக்கில் கடைசி ரயில் எப்போது?

பழைய தண்டவாளம்: "ரயில் 1954ல் நின்றது, அன்றிலிருந்து காடு தானாக வளர்ந்தது" என்று வட லண்டனில் பழைய ரயில் பாதை நடைபாதையாக மாறிய பார்க்லேண்ட் வாக் பற்றி நேற்று ஒருவர் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். 1954ல் நின்றது பயணிகள் வண்டி மட்டும். 1970 வரை ரயில் ஓடியது ஐயா!

மரங்கொத்தி: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் பக்கம் நடந்து பாருங்கள். க்ரௌச் எண்டில் பிளாட்பாரம் அப்படியே நிற்கிறது, நடுவில் மண் பாதை, இரு கரையிலும் மரம். 1990ல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். இவ்வளவு எழுதியதில் வருஷம்தானா கண்ணில் பட்டது?

பழைய தண்டவாளம்: ஆமாம், வருஷம்தான். பயணிகள் வண்டி போனபின் சரக்கு வண்டி. அதுவும் போனபின் பாதாள ரயிலின் காலிப் பெட்டிகளை இந்தப் பாதையில்தான் இழுத்துப் போனார்கள். பாலங்கள் தாங்காமல் 1970ல் நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கியது 1972ல். அதுவரை உங்கள் காடு எங்கே வளர்ந்தது, பெட்டிக்குள்ளா?

மரங்கொத்தி: கரையில். எப்போதோ ஒரு காலி வண்டி போனால் செடி முளைக்காதா?

பழைய தண்டவாளம்: ஓ, இப்போது "எப்போதோ ஒரு வண்டி". நேற்று வண்டியே இல்லை!

மிதிவண்டிக்காரன்: வருஷத்தை விடுங்கள். சைக்கிளில் போனால் நாய்க்காரர்கள் ஏன் முறைக்கிறார்கள்?

நாய்ப்பிரியை: மணி அடிக்காமல் பின்னால் வந்து உரசினால் மாலையா போடுவார்கள்?

லண்டன் மாமி: பழைய தண்டவாளம் போன மாதம் ஃபில்டர் காபி இழையிலும் இப்படித்தான், டிகாக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பார்க்லேண்ட் வாக்கில் வளைவுச் சுவரிலிருந்து ஒரு பூதச் சிலை எட்டிப் பார்க்குமே, அதைவிட இவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

பழைய தண்டவாளம்: டிகாக்‌ஷன் விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. இங்கே 1970.

மரங்கொத்தி: 80களின் கடைசியில் இதன்மேல் சாலை போடத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதால்தான் இன்று ஹைகேட் சுரங்கத்தில் வௌவாலாவது தங்குகிறது. அதைப் பேசலாமே?

பழைய தண்டவாளம்: எதிர்த்தார்கள், சரி. வௌவால், சரி. "பயணிகள்" என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

மரங்கொத்தி: சேர்க்க மாட்டேன்.

பழைய தண்டவாளம்: 1970.

மிதிவண்டிக்காரன்: என் சைக்கிளில் மணி இருக்கிறது. உங்கள் நாய்க்குத்தான் காது கேட்பதில்லை.